ஒரே கார், இரண்டு பேர்

கிரிக்கெட்டில் ஒரு பையன் தேறுவானா என்று பார்க்க ரன் கணக்கு இருக்கிறது. ஓட்டப்பந்தயம் என்றால் ஸ்டாப்வாட்ச் போதும். கார் பந்தயத்தில் இரண்டும் உதவாது. நல்ல காரில் சுமாரான ஆள் ஜெயிப்பான். சுமாரான காரில் மகா கெட்டிக்காரன் பதினைந்தாவதாக வருவான். சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் பார்த்த நம் வயதுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எவன் கையில் என்ன என்ஜின் இருக்கிறது என்பதில்தான் பாதிப் பேச்சு போகும்.

ஃபார்முலா ஒன்னில் இதற்கு ஒரு வழி உண்டு. ஒரு டீமுக்கு இரண்டு கார், இரண்டு ஓட்டுநர். ஒரே என்ஜின், ஒரே டயர். ஆகவே பக்கத்துக் காரில் இருப்பவன்தான் அளவுகோல். புதுப் பையனை ஒரு பழைய கையோடு சேர்த்து உட்கார வைப்பது இதற்காகவும்தான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அளவுகோல் எத்தனை தடவை வளைந்திருக்கிறது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்.

1991 ஆகஸ்டில் ஜோர்டன் டீமின் பெர்ட்ரண்ட் காஷோ, லண்டனில் ஒரு டாக்சி டிரைவர் முகத்தில் கண்ணீர்ப்புகை அடித்த வழக்கில் ஜெயிலுக்குப் போனார். காலியான இடத்துக்கு வந்தவர் 22 வயது மைக்கேல் ஷூமாக்கர். பந்தயம் பெல்ஜியத்தின் ஸ்பாவில். சுற்றுக்கு ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர், மலையும் காடுமாகப் போகிற பாதை. பக்கத்துக் காரில் ஆண்ட்ரியா டி செசாரிஸ், 1980 முதல் ஓட்டிக்கொண்டிருந்தவர். தகுதிச் சுற்றில் பையன் 7-வது, பெரியவர் 11-வது. மறுநாள் பந்தயத்தில் முதல் சுற்றிலேயே ஷூமாக்கரின் கிளட்ச் போய்விட்டது. டி செசாரிஸோ சென்னாவுக்கு அடுத்து இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்து, முடியப்போகும் நேரத்தில் என்ஜின் கைவிட்டு நின்றார். பந்தயத்தை மட்டும் பார்த்தவர் யாரைப் புகழ்ந்திருப்பார்?

ஆனால் பெனட்டன் டீம் தகுதிச் சுற்றைத்தான் பார்த்தது. அடுத்த பந்தயத்துக்குள் அவரைக் கொத்திக்கொண்டு போய்விட்டது. அதற்காக வெளியேற்றப்பட்டவர் ராபர்டோ மொரேனோ. அதே ஸ்பாவில் நாலாவதாக வந்து, பந்தயத்தின் மிக வேகமான சுற்றையும் ஓட்டியவர் அவர்தான்! அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பாவமாக இருக்கிறது.

பெனட்டனில் ஷூமாக்கருக்குப் பக்கத்தில் நெல்சன் பிக்கே. மூன்று முறை உலகச் சாம்பியன். மான்சாவில் ஷூமாக்கர் 5-வது, பிக்கே 6-வது. உலகமே கைதட்டியது. தட்ட வேண்டியதுதான், ஆனால் எந்தப் பிக்கேயை ஜெயித்தார் என்றும் கேட்க வேண்டாமா? 1983-ன் பிக்கே வேறு. இவருக்கு வயது 39, அந்த வருஷத்தோடு ஃபார்முலா ஒன்னுக்கே முழுக்குப் போட்டார். இளையவன் ஏறுகிறானா, மூத்தவர் இறங்குகிறாரா என்பதை அந்த ஒரு எண் சொல்லாது.

வயது என்ற சாக்கு இல்லாத பரீட்சை என்றால் 2007-ல் மெக்லாரனில் நடந்ததைத்தான் சொல்வேன். பெர்னாண்டோ அலோன்சோ 2005, 2006 இரண்டு வருஷமும் சாம்பியன், வயது 25. பக்கத்தில் 22 வயது லூயிஸ் ஹாமில்டன், ஒரு பந்தயம்கூட ஓட்டாதவர். முதல் ஒன்பது பந்தயங்களிலும் ஹாமில்டன் முதல் மூன்று இடத்துக்குள் வந்தார். வருஷக் கடைசியில் ஆளுக்கு 4 வெற்றி, ஆளுக்கு 109 பாயிண்ட். இருவரும் அடித்துக்கொண்டதில் 110 பாயிண்டோடு கிமி ரைக்கோனன் பட்டத்தை எடுத்துக்கொண்டு போனார்.

அதிலும் உள்ளே போய்ப் பார்த்தால் சிக்கல். அலோன்சோ அதுவரை மிஷெலின் டயரில் ஓட்டிப் பழகியவர். அந்த வருஷம் எல்லோருக்கும் பிரிட்ஜ்ஸ்டோன். தகுதிச் சுற்றின் கடைசிக் கட்டத்தை அப்போது பந்தயத்துக்கான பெட்ரோலோடு ஓட்ட வேண்டும். பத்துக் கிலோ கூடுதலாக இருந்தால் சுற்றுக்கு ஏறக்குறைய 0.3 விநாடி போய்விடும். யார் டேங்கில் எவ்வளவு என்று தெரியாமல் யார் வேகம் என்று எப்படிச் சொல்வது? ஹங்கேரியில் ஹாமில்டன் டீம் சொன்னபடி அலோன்சோவுக்கு வழி விடவில்லை. பதிலுக்கு அலோன்சோ பிட்டில் நகராமல் நின்று, பின்னால் காத்திருந்த ஹாமில்டனுக்குக் கடைசிச் சுற்று கிடைக்காமல் செய்தார். அலோன்சோவுக்கு ஐந்து இடம் பின்தள்ளும் தண்டனை. வருஷம் முடிந்ததும் அவர் மெக்லாரனை விட்டே போய்விட்டார்.

நம்மூர்க் கதையும் இதில் உண்டு. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டனில் சேர்ந்தார். அவருக்குப் பக்கத்தில் வந்த போர்ச்சுகல்காரர் தியாகோ மான்டெய்ரோவும் புதியவர்தான். அளவுகோலே இல்லை! இண்டியானாபொலிஸில் டயர்ப் பிரச்சினையால் மிஷெலின் கார்கள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடின. மான்டெய்ரோ 3-வது, நரேன் 4-வது. வருஷக் கணக்கு 7-க்கு 5. ஜோர்டன் டீம் கைமாறி 2006-ல் வேறு பெயரில் வந்தபோது மான்டெய்ரோ இருந்தார், நரேன் இல்லை. அவர் வில்லியம்ஸில் டெஸ்ட் டிரைவராகப் போனார். பக்கத்தில் பெயர்பெற்ற ஒரு மூத்தவர் இருந்து, அவரைப் பத்துத் தடவை முந்திக் காட்டியிருந்தால் நரேனைப் பற்றிய பேச்சே வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். அந்த வாய்ப்பு ஒரு ஓட்டுநருக்குத் தானாக அமைய வேண்டும். கேட்டு வாங்க முடியாது.

இப்போதெல்லாம் பொறுமை இன்னும் குறைந்துவிட்டது. நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் புரொபேஷனே இரண்டு வருஷம். 2019-ல் ரெட் புல் டீம் பியர் காஸ்லிக்குக் கொடுத்தது 12 பந்தயம். பக்கத்தில் மாக்ஸ் வெர்ஸ்டாப்பன். வயதில் காஸ்லியைவிடச் சின்னவர், அனுபவத்தில் பெரியவர். பாயிண்ட் 181-க்கு 63 என்று இருந்தது. வருஷத்தின் நடுவிலேயே காஸ்லியைத் தங்களுடைய சின்ன டீமுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சின்ன டீமின் காரிலேயே அதே வருஷம் பிரேசிலில் அவர் இரண்டாவதாக வந்தார். மறு வருஷம் மான்சாவில் ஜெயித்தே விட்டார். பரிசளிப்பு முடிந்து மற்றவர்கள் இறங்கிப் போன பிறகும் மேடைப் படியில் தனியாக, கையில் ஷாம்பெயின் பாட்டிலோடு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.