அளக்காமல் கடலில் போட்டது

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்கிறது பழமொழி. 1995 ஜூலையில் வெளியான ‘வாட்டர்வேர்ல்டு’ படத்தின் வரலாறு, அளக்காமல் கடலில் போட்டதன் வரலாறு. துருவப் பனி உருகி நிலமெல்லாம் மூழ்கிய பின், மிதவை ஊர்களில் மனிதர் பிழைத்துக் கிடக்கும் கதை அது. கெவின் காஸ்ட்னர் நாயகன். கெவின் ரேனால்ட்ஸ் இயக்குநர். ஹவாயின் கவாய்ஹே துறைமுகத்தை ஒட்டிய கடலில் சுமார் 1,000 டன் எடையில் ஒரு மிதவை ஊரையே கட்டிப் படம் பிடித்தார்கள். காற்றும் அலையும் கால்ஷீட் பார்த்தா வரும்? ஒரு செட் கடலில் மூழ்கியது. ஏறத்தாழ 10 கோடி டாலரில் முடியும் என்றிருந்த செலவு 17.5 கோடியைத் தொட்டது. அதுவரை எந்தப் படத்துக்கும் அவ்வளவு ஆனதில்லை. படம் வெளிவருமுன்பே இயக்குநர் விலகினார்.

இதை எதிர்பாராத விபத்து என்று ஒதுக்க முடியாது. ‘வாட்டர்வேர்ல்டு’ படத்தை வெளியிட்ட அதே யுனிவர்சல் நிறுவனத்துக்காக ஸ்பீல்பெர்க் எடுத்த ‘ஜாஸ்’ (1975), 55 நாளில் முடிய வேண்டியது, கடலால் 159 நாள் இழுத்தது. பாடம் வீட்டிலேயே இருந்தது, படிக்கத்தான் ஆளில்லை.

‘உலகம் முழுவதும் 26.4 கோடி வசூலித்த படம் எப்படித் தோல்வியாகும்?’ என்று கேட்கலாம். அதில் திரையரங்குகளின் பங்கு போக மிஞ்சியது செலவை ஈடுகட்டவில்லை என்பது உண்மை. ஆனால் காஸ்ட்னரே இயக்கி நடித்த ‘தி போஸ்ட்மேன்’ (1997), பேரழிவுக்குப் பிந்தைய இன்னொரு கதை, 8 கோடி விழுங்கிவிட்டு அமெரிக்காவில் 2 கோடியைக்கூடத் தொடவில்லை. விகிதப்படி அதுவே பெரிய சரிவு; கெட்ட பெயர் மட்டும் முன்னதற்கே நிலைத்தது. படமே சுமார்தானே என்பது அடுத்த வாதம். ஒப்புக்கொள்ளலாம்: ‘மேட் மேக்ஸ் 2’ தண்ணீரில் மிதப்பது போன்ற கதை, இரண்டுக்கும் ஒளிப்பதிவாளர்கூட டீன் செம்லரே. ஆனால் சுமாரான படத்தை ஊர் ஒரு பருவத்தில் மறந்துவிடும். இதை மறக்கவிடாமல் செய்தது செலவுக் கணக்கு. வெளியீட்டுக்கு முன்பே பத்திரிகைகள் கேலிப் பெயர் சூட்டிவிட்டன. விமர்சகர்கள் திரையில் தேடியது கதையை அல்ல, 17.5 கோடி போன இடத்தை.

திறந்த கடலில் அடங்காத அதே கதை, 1995 முதல் ஹாலிவுட்டின் யுனிவர்சல் பூங்காவில் சண்டைக் காட்சியாக ஓடுகிறது: கரையில் கட்டிய, அளந்து நீர் நிரப்பிய குளத்தில்.