ஜிஎல்எஸ்எல் ஆப்டிமைசர்

ஜிஎல்எஸ்எல் ஆப்டிமைசர் என்பது வரைகலை நிழலாக்கி நிரல்களை விரைந்து இயங்கும் வண்ணம் திருத்தி எழுதித் தரும் ஒரு கட்டற்ற மென்பொருள் ஆகும். யூனிட்டி விளையாட்டுப் பொறியின் உருவாக்குனர்களுள் ஒருவரான அராஸ் பிரான்ட்ஸ்கேவிச்சுஸ் இதனை 2010 ஆம் ஆண்டு வெளியிட்டார். மேசா வரைகலை நிரலகத்தின் நிரல்மொழிமாற்றியை அடிப்படையாகக் கொண்டு சி++ மொழியில் எழுதப்பட்ட இது, பின்னர் எம்ஸ்கிரிப்டன் கருவியின் துணையுடன் ஜாவாஸ்கிரிப்டாக மாற்றப்பட்டு, உலாவியிலேயே இயங்கும் வடிவையும் பெற்றது.

தேவை

நிழலாக்கி என்பது திரையில் ஒவ்வொரு படப்புள்ளியின் நிறத்தையும் கணிக்கும் சிறு நிரல். 1280 × 720 அளவுள்ள திரையில் 9,21,600 படப்புள்ளிகள் உள்ளன. திரை முழுவதையும் நொடிக்கு 60 முறை வரைந்தால், அந்நிரல் ஒரு நொடியில் ஐந்தரைக் கோடி முறைக்கு மேல் இயங்க வேண்டும். எனவே தேவையற்ற ஒரே ஒரு பெருக்கல்கூட அத்தனை முறை வீணாகிறது. கைபேசியில் இது மின்கலத்தையும் தின்னும்.

மேசைக் கணினிகளின் வரைகலை இயக்கிகள் இத்தகைய வீண் கணக்குகளைத் தாமே நீக்கிவிடும். ஓப்பன்ஜிஎல் இஎஸ் 2.0 காலத்துக் கைபேசி இயக்கிகள் பலவற்றில் இத்திறன் மிகக் குறைவாக இருந்தது. இயக்கியை நம்பாமல், நிரலை முன்கூட்டியே திருத்திக் கொடுப்பதே இக்கருவியின் நோக்கம்.

செயற்படும் முறை

கருவி முதலில் நிரலைப் படித்து ஓர் இடைநிலை வடிவத்திற்கு மாற்றுகிறது. பின்னர் செயற்கூறுகளை அவை அழைக்கப்படும் இடத்திலேயே விரித்து எழுதுகிறது, 2.0 × 3.0 போன்ற மாறிலிக் கணக்குகளை 6.0 என முன்னரே முடித்துவிடுகிறது. விடைக்குப் பயன்படாத வரிகளை அகற்றுகிறது. ஒரு திருத்தம் மற்றொன்றுக்கு வழி திறப்பதால் (செயற்கூறு விரிந்த பின்னரே அதன் உள்ளீடு மாறிலி எனத் தெரியவரும்) இச்சுற்று மாற்றம் ஏதும் இல்லாத நிலை வரை தொடர்கிறது. இறுதியில் கிடைப்பது பொறிமொழி அன்று, மீண்டும் ஜிஎல்எஸ்எல் உரையே.

குறைபாடுகள்

வெளியீட்டில் மூல நிரலின் இடைமாறிகள் பல மறைந்து, எண்ணிட்ட தற்காலிகப் பெயர்களே நிறைந்திருக்கும். ஆதலால் அதில் பிழை தேடுவது கடினம். மூல நிரலைத் தனியே பேணுவது இன்றியமையாதது. உச்சி நிழலாக்கியும் படப்புள்ளி நிழலாக்கியும் தனித்தனியே திருத்தப்படுவதால், முன்னது கணித்தனுப்பி, பின்னது பயன்படுத்தாத மதிப்புகள் நீங்குவதில்லை. வின்டோசில் உலாவிகள் வெப்ஜிஎல் நிழலாக்கிகளை ஆங்கிள் நிரலகம் மூலம் டைரக்ட்3டி மொழிக்கு மாற்றுகின்றன. அங்குள்ள நிரல்மொழிமாற்றி இதே வேலையை மறுபடியும் செய்வதால் ஆதாயம் சிறிதே.

பிற்காலம்

யூனிட்டி வேறு நிரல்மொழிமாற்றிகளுக்கு மாறியதை அடுத்து, 2016 ஆம் ஆண்டின் நடுப்பகுதியுடன் இதன் வளர்ச்சி பெரும்பாலும் நின்றது. எனினும் 2020 இல் பயர்பாக்சு உலாவி, தனது வெப்ரெண்டர் நிழலாக்கிகளைத் திருத்த இதன் ரஸ்ட் மொழி உறையைப் பயன்படுத்தத் தொடங்கியது.