தட்டிலிருந்து மாத்திரைக்கு: ஒரு நம்பிக்கையின் வரலாறு

'ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள்' என்பது மருத்துவத்தில் பிறந்த சொல்லன்று. எண்ணெய் காறிப்போவதையும் ரப்பர் நைந்துபோவதையும் தடுக்கும் பொருள்களைக் குறிக்கவே வேதியியலார் அதனை முதலில் பெரிதும் வழங்கினர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிற்சாலைக்கு உரியதாயிருந்த அச்சொல், அந்நூற்றாண்டு முடிவதற்குள் மருந்துக்கடைப் புட்டிகளின் மேல் ஏறிவிட்டது. தாவரங்களிலுள்ள இப்பொருள்கள் பக்கவாதத்தைத் தடுக்கும் என்பது அது சுமந்துவந்த நம்பிக்கைகளுள் ஒன்று.

இந்நம்பிக்கையின் வேர் ஹங்கேரியில் உள்ளது. வைட்டமின் சி ஆய்வுக்காகப் பின்னர் நோபல் பரிசு பெற்ற ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜியும் இஷ்ட்வான் ருஸ்னியாக்கும் 1936இல் ஒரு செய்தியை வெளியிட்டனர். எலுமிச்சையிலிருந்து பிரித்த ஃபிளேவனாய்டுக் கலவை, நுண்குழாய்களிலிருந்து குருதி எளிதில் கசியும் நிலையைச் சீராக்குகிறது என்பதே அது. உடனே அதற்குப் புதிய வைட்டமின் என்ற பெயரும் சூட்டப்பட்டது. அது வைட்டமின் அன்று எனத் தெளிந்தபின், 1950ஐ ஒட்டி அப்பெயர் கைவிடப்பட்டது.

1956இல் அமெரிக்கரான டென்ஹாம் ஹார்மன், உடலில் தோன்றும் தனி உறுப்புகளே முதுமைக்குக் காரணம் என்னும் கருதுகோளை முன்வைத்தார். பின்னர், குருதியிலுள்ள கொழுப்புத் துகள்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து தமனிச் சுவரில் படிவதே அடைப்பின் தொடக்கம் என்னும் விளக்கம் 1980களில் வலுப்பெற்றது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுத்தால் அடைப்பையும், அதனால் வரும் பக்கவாதத்தையும் தடுக்கலாம் என்பது இயல்பான அடுத்த எண்ணமாயிற்று.

அதற்குச் சான்று போலவே நெதர்லாந்தின் சுட்ஃபென் நகர ஆய்வு 1996இல் வெளியாயிற்று. 50 முதல் 69 வயது வரையுள்ள 552 ஆண்கள் 15 ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். அவர்களுள் 42 பேருக்கு முதன்முறையாகப் பக்கவாதம் ஏற்பட்டது. உணவின்வழி ஃபிளேவனாய்டுகளை மிகுதியாகப் பெற்றோரிடம் அது வெகு குறைவாகவே காணப்பட்டது. அவர்கள் பெற்ற ஃபிளேவனாய்டில் ஏறத்தாழ 70 விழுக்காடு கறுப்புத் தேநீரிலிருந்து வந்தது. பீட்டா கரோட்டினும் நன்மையோடு சேர்ந்தே தென்பட்டது.

ஆனால் உணவிலிருந்த பொருளைப் பிரித்து மாத்திரையாக்கியபோது கதை மாறியது. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈயும் சோதிக்கப்பட்டன. பீட்டா கரோட்டின் பெற்றோரிடம் நுரையீரல் புற்றுநோய் கூடியது 1994இல் வெளிப்பட்டது. பக்கவாதம் குறித்த முடிவுகள் பின்னர் வந்தன: வைட்டமின் ஈ மூளை நாளங்களின் அடைப்பைச் சிறிது குறைத்தது, ஆயினும் மூளையைச் சூழ்ந்த பகுதியில் குருதிக்கசிவைக் கூட்டியது, பீட்டா கரோட்டின் மூளைக்குள்ளேயே குருதிக்கசிவைக் கூட்டியது. பிரிட்டனில் 20,536 பேரிடம் வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் ஐந்தாண்டுகள் சோதித்த ஆய்வு 2002இல் முடிவை அறிவித்தது. அவற்றைப் பெற்றோரின் குருதியில் இவற்றின் அளவு நன்கு உயர்ந்தது, பக்கவாதமோ குறையவில்லை.

சுட்ஃபென் ஆய்வு பொய்யுரைக்கவில்லை. அது ஓர் அடையாளத்தைக் காட்டியது. பிறர் அடையாளத்தையே காரணமாகக் கொண்டனர். காய், கனி, கீரை மிகுதியாக உண்பவர் பொட்டாசியத்தையும் நார்ச்சத்தையும் சேர்த்தே பெறுகிறார். அவருடைய வாழ்க்கைமுறையும் பிறவற்றில் வேறுபட்டிருக்கலாம். ஃபிளேவனாய்டுகளோ குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்பட்டு, விரைவில் உருமாறுகின்றன. சோதனைக்குழாயில் அவை காட்டும் ஆற்றலை உடலில் அப்படியே எதிர்பார்க்க இயலாது.

முழு உணவுக்குச் சான்று இன்றும் உண்டு. ஸ்பெயினில் 7,447 பேரிடம் நடந்த சோதனையில், ஆலிவ் எண்ணெயோ கொட்டைகளோ சேர்த்த மத்தியதரைக்கடல் உணவு பக்கவாதத்தைக் குறைத்தது. பங்கேற்பாளரைப் பிரித்த முறையில் குறை கண்டறியப்பட்டதால் 2013இல் வந்த அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டு, 2018இல் மறுபகுப்பாய்வோடு வெளியாயிற்று. அம்முடிவு பெரிதும் மாறவில்லை.

இவ்வரலாற்றை நினைவில் வைக்கக் காரணம் உண்டு. பக்கவாதத்திற்கு முதன்மையான, மாற்றக்கூடிய காரணம் உயர் குருதியழுத்தம். அதற்கான மாத்திரையை நிறுத்திவிட்டு மூலிகைச் சாற்றுக் குளிகையை நம்புபவர், சான்றுள்ள காப்பைக் கைவிட்டுச் சான்றில்லாத ஒன்றைப் பற்றுகிறார். கீரையும் பழமும் தட்டில் இருக்கட்டும். அவை மருத்துவர் தந்த மாத்திரைக்குத் துணையாகலாம், மாற்றாகா.