கீழ்த்தாடை மரத்த கதை

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ கீழ்க் கடைவாய்ப்பல் பிடுங்கப் போனவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். டாக்டர் எடுத்த எடுப்பில் ஊசி போடுவதில்லை. விரலை வாய்க்குள் விட்டு, கடைசிப் பல்லுக்குப் பின்னால் எதையோ தடவித் தேடுவார். மேல் பல் என்றால் இந்தத் தேடல் பெரும்பாலும் இருக்காது, பல்லுக்குப் பக்கத்திலேயே குத்திவிடுவார்.

காரணம் எலும்புதான். மேல்தாடை எலும்பு மெல்லியது, நுண்துளைகள் உள்ளது. மருந்து ஊறி வேர் வரை போய்விடும். கீழ்த்தாடையின் பின்பக்கம் கெட்டி எலும்பு, ஒன்றும் ஊறாது. ஆகவே நரம்பு எலும்புக்குள் நுழைகிற வாசலிலேயே அதை மடக்க வேண்டும். அந்த வாசலோ தாடையின் உள்பக்கம், சதைக்குள் ஒளிந்திருக்கிறது.

முதலில் மடக்கியவர் வில்லியம் ஹால்ஸ்டெட். கொக்கைன் (ஆம், அதே கொக்கைன்தான்!) சொட்டினால் கண் மரத்துப் போகும் என்ற கார்ல் கொல்லரின் கண்டுபிடிப்பு 1884 செப்டம்பரில் வெளியானது. அடுத்த இரண்டே மாதத்தில் நியூயார்க்கில் ஹால்ஸ்டெட்டும் அவர் சகா ரிச்சர்ட் ஹாலும் அதை ஊசியில் ஏற்றித் தாடை நரம்பை மரக்க வைத்தார்கள். சோதித்தது தங்கள் மேலும், மாணவர்கள் மேலும். அந்தப் பழக்கம் இருவரையும் விடவில்லை. ஹால்ஸ்டெட் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அறுவை மருத்துவர் ஆனார், ஆனால் கொக்கைனுக்கு மாற்றாக வந்த மார்ஃபினோடு வாழ்நாள் முழுக்கப் போராடினார். இன்று வலியில்லாமல் பல் பிடுங்கிக் கொள்கிறவர்களுக்கு இந்தக் கதை தெரிவதில்லை.

பிறகு 1905 வாக்கில் நோவோகைன், 1943இல் ஸ்வீடனில் லிக்னோகைன் என்று மருந்து மாறியது. ஊசி போகும் வழி மட்டும் ஏறக்குறைய அதேதான். தாடை எலும்பின் முன்விளிம்பில் உள்ள பள்ளத்தை விரல் கண்டுபிடிக்க வேண்டும். வாயை ஆவெனத் திறந்தால் உள்ளே மேலிருந்து கீழாக ஒரு மடிப்பு தெரியும். பள்ளத்துக்கும் மடிப்புக்கும் நடுவே, கீழ்ப்பற்களின் மட்டத்துக்குச் சுமார் 1 செ.மீ. மேலே, எதிர்ப்பக்கச் சிறு கடைவாய்ப்பற்கள் பக்கமிருந்து குத்த வேண்டும். 20, 25 மி.மீ. ஆழத்தில் எலும்பு தட்டுப்படும். தட்டாவிட்டால் வழி தவறிவிட்டது என்று பொருள். வாசல் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மேலே கீழே இருப்பதால், தேர்ந்த கைக்கும் ஐந்தாறு தடவையில் ஒன்று தவறும் என்பார்கள். 1973இல் ஆஸ்திரேலியாவின் கௌ-கேட்ஸ் காது மடலையும் வாய் ஓரத்தையும் அடையாளமாக வைத்து, இன்னும் உயரத்தில் குத்தும் முறையைச் சொன்னார்.

இதற்கெல்லாம் வாய் நன்றாகத் திறக்க வேண்டுமே! திறக்காதவர்?

அதற்கு 1960இல் ஒரு வழி சொன்னவர் வசிராணி (சிந்திக் குடும்பப் பெயர்). பல்லைக் கடித்தபடியே இருக்கட்டும், மேல் ஈறு ஓரமாகக் கன்னத்துக்குள் ஊசியை விடலாம் என்றார். அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. 1977இல் நைஜீரியாவின் அகினோசி அதே முறையைத் தனியாக எழுதிய பிறகுதான் பரவியது. இருவர் பெயரும் இன்று சேர்ந்தே நிற்கின்றன. இதில் எலும்பு தட்டாது, எங்கே நிறுத்துவது என்பதை ஆழத்தை வைத்தே கணிக்க வேண்டும்.

நம் பக்கத்தில் இந்த முறைக்கு வேலை அதிகம். பாக்கு மெல்லுகிறவர்களின் கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நார் நாராக இறுகும் நோய் உண்டு. 1952இல் ஷ்வார்ட்ஸ் இதை எழுதியபோது அவர் பார்த்தது கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐந்து பேரை. மறு வருடமே பம்பாயில் ஜோஷி இதைப் பதிவு செய்தார். மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் ஒரு விரல் நுழைவதே பெரும்பாடாகிவிடும். குட்காவைத் தமிழ்நாடு 2013இல் தடை செய்தது, ஆனால் வெறும் பாக்கு எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.

சீழ் வைத்து, தசை பிடித்துக்கொண்டதால் மூடிய வாய் என்றால், இந்த ஊசி வேலை செய்ததும் தசை தளர்ந்து வாய் கொஞ்சம் திறக்கும். பாக்கால் இறுகிய வாய்க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நரம்பு மரத்துவிடும், வாய் அப்படியே இருக்கும். பல்லை எடுக்க வேண்டிய டாக்டர் அந்த ஒரு விரல் இடைவெளியில்தான் கொறடாவை நுழைக்க வேண்டும்.