ஊசிக்குப் போனால் கதை முடிந்ததா?

கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் சீனி வருத்தக்காரர் இருந்தால் கடைசி வரை வாசியுங்கள்.

எங்கள் வீட்டு பிரிஜ் கதவில் மூன்று வாரமாக ஒரு சின்னப் போத்தல் இருக்கிறது. கிளினிக்கில் உம்மாவுக்குக் கொடுத்த இன்சுலின். இன்னும் அதைத் தொடவே இல்லை. உம்மா பதினான்கு வருடமாகக் குளிசை போடுகிறார். இனிக் குளிசை மட்டும் போதாது, ஊசி தொடங்குவோம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அங்கே தலையாட்டிவிட்டு வந்தவர், வீட்டு வாசலில் வைத்தே என்னிடம் சொன்னார்:

“ஊசிக்குப் போனாக் கத முடிஞ்ச. உன்ட பெரிய மாமாக்கு என்ன நடந்த எண்டு நீ பாக்கல்லியா?”

பார்த்தேன்தான். ஊசி தொடங்கி ஏழாம் மாதம் மாமாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அடுத்த வருடம் மௌத்தானார். எங்கள் ஊரில் இப்படி ஒரு கதை இல்லாத குடும்பம் குறைவு. அதனால் உம்மாவின் பயத்தைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் நான் வரலாறு படிப்பிக்கிறவன். ஆசிரியர் கலாசாலையில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் முதல் மாதமே கரும்பலகையில் இரண்டு சொற்களை எழுதினார்: ‘பிறகு’, ‘ஆனபடியால்’. ஒன்றுக்குப் பிறகு இன்னொன்று நடந்ததென்றால் முதலாவதுதான் காரணம் என்று எழுதும் பிள்ளைக்குப் புள்ளி போடாதீர்கள் என்றார். மாமாவின் கால் ஊசிக்குப் பிறகு போனது. ஊசியால் போனதா? அந்தக் கேள்வியோடுதான் இந்த மூன்று வாரமும் வாசித்தேன்.

நீரிழிவு பழைய வருத்தம். நோயாளியின் சிறுநீர் இனிப்பதை இந்தியாவின் பழைய வைத்தியர்கள் அறிந்திருந்தார்கள். மதுமேகம் என்ற பெயரே அப்படி வந்ததுதான். ஆயிரம் வருடங்களுக்கு முன் இப்னு ஸீனா தமது ‘அல்-கானூன்’ நூலில் இதைப் பற்றி எழுதினார். நம்மவர்களின் பதிவுகள் அநேகமாக இந்தப் பெருமையோடு முடிந்துவிடும். ஆனால் அடையாளங்கள் தெரிந்தும், உடம்பில் பழுது எங்கே என்று கண்டுபிடிக்க இன்னும் பல நூற்றாண்டுகள் சென்றன.

1869 இல் பெர்லினில் போல் லங்கர்ஹான்ஸ் என்ற 21 வயது மருத்துவ மாணவர், சதையியை நுணுக்குக்காட்டியில் பார்த்து, அதில் தீவுகள் போலத் தனித்தனிக் கலக்கூட்டங்கள் இருப்பதைத் தனது ஆய்வேட்டில் எழுதினார். அவை எதற்கு என்று அவருக்குத் தெரியாது. தெரியாது என்றே எழுதினார். 1889 இல் ஸ்ட்ராஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் மின்கோவ்ஸ்கி, வொன் மேரிங் என்ற இருவர் ஒரு நாயின் சதையியை அகற்றினார்கள். அந்த நாய்க்குக் கடுமையான நீரிழிவு வந்தது. பழுது சதையியில்தான் என்பது அன்றுதான் உறுதியானது.

அறிந்தும் மருந்து இல்லை. அந்தக் காலத்தில் சிறுபிள்ளைக்கு இந்த வருத்தம் வந்தால் வைத்தியர்கள் செய்யக்கூடியதாக இருந்தது ஒன்றுதான்: சாப்பாட்டைக் குறைப்பது. அமெரிக்காவில் பிரெட்ரிக் அலன் என்ற வைத்தியரின் பட்டினி முறை பெயர்பெற்றது. அதனால் சில பிள்ளைகள் கொஞ்சக் காலம் கூடுதலாக வாழ்ந்தார்கள். ஆனால் எலும்பும் தோலுமாக. பசியா, நோயா என்று பெற்றோர் தெரிவு செய்ய வேண்டியிருந்தது.

இனி கனடாவுக்கு வருவோம். பிரெட்ரிக் பாண்டிங் நோயாளிகள் அதிகம் வராத ஓர் இளம் சத்திரசிகிச்சை வைத்தியர். மேலதிக வருமானத்துக்காக விரிவுரை செய்துகொண்டிருந்தார். 1920 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, விரிவுரைக்காக ஒரு கட்டுரையை வாசித்துவிட்டுத் தூக்கம் வராமல் எழுந்து தனது யோசனையைக் குறிப்புப் புத்தகத்தில் சில வரிகளில் எழுதினார். அந்தக் குறிப்பில் நீரிழிவுக்கான ஆங்கிலச் சொல்லையே அவர் எழுத்துப்பிழையோடுதான் எழுதியிருக்கிறார். (எழுத்துப்பிழைக்காகப் பிள்ளைகளை ஏசும் சக ஆசிரியர்கள் கவனிக்கவும். நானும் சேர்த்துத்தான்.)

டொரொன்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மக்லியொட் அவருக்கு ஓர் ஆய்வுகூடத்தையும் சில நாய்களையும் சார்ள்ஸ் பெஸ்ட் என்ற 22 வயது உதவியாளரையும் கொடுத்தார். 1921 மே மாதம் வேலை தொடங்கியது. கடும் வெயில் காலம். நாய்கள் பல செத்தன. ஆனாலும் சதையிச் சாறு ஏற்றிய நாய்களின் குருதியில் சீனி இறங்கியது. வருடக் கடைசியில் கொலிப் என்ற உயிர்இரசாயனவியலாளர் குழுவில் சேர்ந்தார். அதே காலத்தில் ருமேனியாவில் பவுலெஸ்கு என்பவரும் இதே பாதையில் சென்று தமது முடிவுகளை வெளியிட்டிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

1922 ஜனவரி 11. டொரொன்டோ பொது வைத்தியசாலை. லியொனார்ட் தொம்சன், வயது 14, நிறை ஏறக்குறைய 29 கிலோ. முதல் ஊசி அவனுக்குப் போடப்பட்டது. அது சரிவரவில்லை. சாறு சுத்தமில்லாததால் ஊசி போட்ட இடம் வீங்கிச் சீழ் வைத்தது. சீனியும் போதியளவு இறங்கவில்லை. நிறுத்திவிட்டார்கள்.

அன்றோடு விட்டிருந்தால் “ஊசி போட்டார்கள், பொடியன் செத்துப் போனான்” என்று முதல் கதையே முடிந்திருக்கும். கொலிப் இரவு பகலாகச் சாற்றைச் சுத்தப்படுத்தினார். 12 நாட்கள் கழித்து, ஜனவரி 23 இல் மீண்டும் ஊசி. குருதியில் 520 ஆக இருந்த சீனி ஒரு நாளுக்குள் 120 ஆக இறங்கியது. அந்தப் பொடியன் அதற்குப் பிறகு 13 வருடங்கள் வாழ்ந்தான்.

அதே வருடம் ஓகஸ்டில் எலிசபெத் ஹியூஸ் என்ற 14 வயதுப் பெண்பிள்ளை டொரொன்டோவுக்குக் கொண்டுவரப்பட்டாள். அமெரிக்க இராஜாங்கச் செயலாளரின் மகள். அலனின் பட்டினி முறையில் இருந்தவள். நிறை 20 கிலோ அளவில். ஊசி தொடங்கிய அந்தப் பிள்ளை பட்டம் பெற்று, கல்யாணம் முடித்து, மூன்று பிள்ளைகளைப் பெற்று, 1981 இல் 73 வயதில்தான் இறந்தார். 58 வருடங்கள் ஊசியோடு வாழ்ந்தவர். ஊசிக்குப் போனால் கதை முடிந்தது என்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய மிகச் சுருக்கமான பதில் இந்தப் பெண்தான்.

1923 இல் பாண்டிங்குக்கும் மக்லியொட்டுக்கும் நோபல் பரிசு. பாண்டிங் தனது பரிசுப் பணத்தில் பாதியைப் பெஸ்டுக்கும், மக்லியொட் தனதில் பாதியைக் கொலிப்புக்கும் கொடுத்தார்கள். மருந்தின் உரிமையைப் பாண்டிங், பெஸ்ட், கொலிப் மூவரும் ஆளுக்கு 1 டொலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு விற்றார்கள். உலக நீரிழிவு தினம் நவம்பர் 14 இல் வருவது பாண்டிங்கின் பிறந்தநாள் என்பதால்தான்.

இடையில் ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன். பல வருடங்களாக இன்சுலின் மாட்டின், பன்றியின் சதையியிலிருந்து எடுக்கப்பட்டது உண்மை. அதனால்தான் நம்மவர்கள் சிலர் இன்றும் தயங்குகிறார்கள். 1978 இல் மனித இன்சுலினைப் பற்றீரியாவைக் கொண்டு உண்டாக்கினார்கள். 1982 இல் அது விற்பனைக்கு வந்தது. இன்று கிளினிக்கில் கிடைப்பது இந்த வழியில் வந்ததுதான். மனம் ஆறுதல் அடையாவிட்டால் போத்தலில் எழுதியிருப்பதை வாசித்துப் பாருங்கள், பார்மசியில் கேளுங்கள்.

“சரி, அது சின்னப் பிள்ளைகளுக்கு வாற வருத்தம். எனக்கு அதுவா?” என்று உம்மா கேட்டார். நல்ல கேள்வி. 1936 இல் லண்டனில் ஹிம்ஸ்வேர்த் என்ற வைத்தியர் இதே வேறுபாட்டைத்தான் எடுத்துக்காட்டினார். சிலருக்கு உடம்பில் இன்சுலின் இல்லை. சிலருக்கு இன்சுலின் இருந்தும் உடம்பு அதற்குச் சரியாக இணங்குவதில்லை. பெரியவர்களுக்கு வருவது அநேகமாக இரண்டாவது வகை. வயிற்றைச் சுற்றிய கொழுப்பு அதைக் கூட்டுகிறது.

அப்படியானால் அவர்களுக்கு ஏன் ஊசி? அதற்கான பதில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. 1977 இல் அவர்கள் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். புதிதாக நீரிழிவு கண்ட 5,102 பேரை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். அதில் தெரிந்தவற்றில் இரண்டு நமக்கு முக்கியம். ஒன்று, வருடங்கள் செல்லச் செல்ல சதையியின் இன்சுலின் சுரக்கும் சக்தி தானாகவே குறைந்துகொண்டு போகிறது. அதனால்தான் ஒரு காலத்தில் வேலை செய்த குளிசை பிறகு போதாமல் போகிறது. அது நோயாளியின் குற்றமும் இல்லை, தண்டனையும் இல்லை. இரண்டு, சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்றவற்றின் சிறு குருதிக்குழாய்களில் வரும் பாதிப்பு காற்பங்கு குறைந்தது. குளிசையாலோ ஊசியாலோ, சீனி இறங்கியதுதான் காத்தது. முடிவுகள் 1998 இல் வெளியாகின.

நம் நாட்டிலும் ஆய்வு நடந்தது. 2005, 2006 இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தது. வளர்ந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீரிழிவு. அந்த நோயாளிகளில் நூற்றுக்கு 36 பேருக்குத் தங்களுக்கு வருத்தம் இருப்பதே அதுவரை தெரியாது. ஆனால் அந்தக் கணக்கு ஏழு மாகாணங்களில் எடுக்கப்பட்டது. வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. அது போர்க்காலம். அன்று யாரும் எங்கள் பெரிய மாமாக்களை எண்ணவில்லை.

ஆகவே நானே ஒரு சின்னக் கணக்கு எடுத்தேன். மாமி இன்னும் மாமாவின் கிளினிக் கொப்பிகளை ஒரு சொப்பிங் பேக்கில் கட்டி அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறார். இறக்கித் தந்தார். திகதி வாரியாக வாசித்தேன். மாமாவுக்கு ஊசி தொடங்கும்படி முதலில் எழுதியது, அவர் உண்மையில் தொடங்கியதற்கு நாலரை வருடங்களுக்கு முன். அதற்குப் பக்கத்திலேயே ‘நோயாளி விரும்பவில்லை’ என்று இருக்கிறது. அடுத்த பக்கங்களில் சீனி 280, 310, 295. பிறகு ‘பாதம் விறைப்பு’. பிறகு ‘பெருவிரலில் புண்’. அதற்கும் பிறகுதான், கடைசிக் கொப்பியில், இன்சுலின்.

காலைக் கொண்டுபோனது அந்த நாலரை வருடங்கள். ஊசி வந்து சேர்ந்தது பிந்தி. பிந்தி வந்தவன் தலையில் பழியைப் போட்டுவிட்டோம். நாமெல்லோரும் ‘பிறகு’ என்பதை ‘ஆனபடியால்’ என்று வாசித்துவிட்டோம்.

இது வைத்திய ஆலோசனை அல்ல. எல்லோருக்கும் ஊசி தேவையும் இல்லை. அதைத் தீர்மானிப்பது உங்கள் டொக்டர். ஊசி தொடங்கினால் சீனி அளவுக்கு மீறி இறங்கும் அபாயமும் உண்டு. வியர்வை, நடுக்கம் வந்தால் என்ன செய்வது, நோன்பு காலத்தில் அளவை எப்படி மாற்றுவது என்பதையெல்லாம் கேட்டே செய்யுங்கள். நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கதை இருந்தால், அதை வைத்து முடிவெடுக்க முன் பழைய கிளினிக் கொப்பியைத் திகதி வாரியாக ஒருமுறை வாசியுங்கள்.

நேற்று இரவு மாமாவின் கொப்பியை உம்மாவின் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டினேன். கன நேரம் பேசவில்லை. பிளேன்டீ ஆறிப்போனது. பிறகு கேட்டார்:

“அந்தக் கனடாப் பொடியனுக்கு எத்தன வயசு எண்ட?”

“பதினாலு உம்மா.”

“பயந்திருக்கும் என்ன, பாவம்.”

காலையில் பிரிஜ்ஜைத் திறந்து பார்த்தேன். போத்தல் இன்னும் அதே இடத்தில்தான். ஆனால் வருகிற செவ்வாய் கிளினிக்குக்குப் போகும்போது, ஊசி போடுகிற முறையை நேர்ஸிடம் கேட்டுப் பழக என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறார். பாடசாலைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

துஆச் செய்யுங்கள்.