சீவன் (அத்வைத வேதாந்தம்)

சீவன் என்பது, அத்வைத வேதாந்தத்தில், உடலையும் மனத்தையும் ‘நான்’ என்று பற்றிக்கொண்டு தனியாள்போலத் தோன்றும் ஆன்மா. அந்தத் தனியாள் பொய்த்தோற்றம். அவனை விளங்கச் செய்யும் அறிவொளி மெய், அது பரம்பொருளான பிரம்மத்தினின்று வேறல்ல. ‘நான் இல்லை’ என்று அத்வைதம் சொல்வதாகப் பலர் நினைப்பது தவறு. நிலையான ஆன்மாவை மறுத்தது பௌத்தம்; அத்வைதம் மறுப்பது ஆன்மாவுக்கு இட்ட எல்லையை மட்டுமே.

சங்கரர் தம் பிரம்மசூத்திர உரைக்கு எழுதிய முன்னுரையான அத்தியாச பாஷ்யம் இதன் அடிப்படை. அறிபவனின் தன்மையை அறியப்படும் பொருள்மீதும், பொருளின் தன்மையை அறிபவன்மீதும் மாற்றி ஏற்றிக்கொள்கிறோம் என்கிறார் அவர். உடல் பருத்தால் ‘நான் பருத்தேன்’ என்கிறோம். கண் போனால் ‘நான் குருடன்’ என்கிறோம். வேதச் சடங்குகளும் சாத்திரங்களும்கூட இந்தப் பிழையின்மேல்தான் நடக்கின்றன என்று அவர் எழுதியது துணிச்சலானது.

அப்படியானால் பிழை யாருடையது? மரபு பிளந்தது இங்கேதான். அறியாமையால் விளைந்தவனே சீவன் என்றால், அவனிடம் அறியாமை முன்பே இருந்தது எப்படி? பிரம்மத்திடம் இருந்தது என்றால், தூய அறிவில் அது எப்படித் தங்கும்? வாசஸ்பதி மிசிரரின் பாமதி நெறி, சீவன், அறியாமை இரண்டும் தொடக்கமற்றவை என்று சொல்லி, அறியாமையைச் சீவனிடம் வைத்தது. பத்மபாதர், பிரகாசாத்மர் வழிவந்த விவரண நெறி பிரம்மத்தையே அதன் இடமாகக் கொண்டது. முன்னவர்க்குச் சீவன் குடத்துக்குள் அடைபட்ட வெளி. பின்னவர்க்குக் கண்ணாடியில் விழுந்த முகம். சீவன் ஒருவனே, மற்றவரெல்லாம் அவன் கனவு மாந்தர் என்ற ஏகசீவவாதமும் உண்டு. இந்தக் கட்சிகளையெல்லாம் சித்தாந்தலேச சங்கிரகத்தில் தொகுத்தவர், ஆரணி அருகே அடையபலத்தைச் சேர்ந்த அப்பய்ய தீட்சிதர் (16ஆம் நூற்றாண்டு).

விசிஷ்டாத்வைத ஆசிரியர் இராமானுசர் ஸ்ரீபாஷ்யத்தில் அவித்தை (அறியாமை) என்னும் கொள்கைமீது எழுப்பிய 7 தடைகளில் முதலாவதும் இந்த ‘இடம்’ பற்றியதே. அவித்தையை உள்ளது என்றும் இல்லது என்றும் சொல்லவியலாது என்பது அத்வைதிகளின் நிலை. எதிர்த்தரப்பை அது நிறைவுசெய்யவில்லை. சைவ சித்தாந்தமோ உயிரைப் பதியை (இறைவனை)ப் போலவே அநாதியான தனிப்பொருளாகக் கொண்டது.

தமிழில் இக்கொள்கையை விளக்கும் நூல்களுள் தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதம் பெயர்பெற்றது. ரமணர் (1879–1950) வாதங்களை ஒதுக்கி, ‘நான்’ என்னும் எண்ணம் எங்கிருந்து எழுகிறது என்று நாடுவதையே வழியாக்கினார். சிவப்பிரகாசம் பிள்ளையின் கேள்விகளுக்கு, பேசாதிருந்த காலத்தில் அவர் எழுதிக்காட்டிய விடைகளே ‘நான் யார்?’ என்னும் சிறுநூலாயின. அதைப் பின்னர்க் கட்டுரை வடிவில் அமைத்தவரும் ரமணரே.