கிரிப்டோச் சொத்தும் நிதிக்குற்றமும்: காப்பாளரைக் காணத் தவறிய சட்டம்

2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் என்ற இந்தியப் பரிமாற்றகத்தின் வாலட் ஒன்றிலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோச் சொத்துகள் களவு போயின. அந்த வாலட்டுக்கு ஆறு சாவிகள். ஐந்து வாசிர்எக்ஸிடமும், ஆறாவது பாதுகாப்புச் சேவை அளித்த லிமினல் நிறுவனத்திடமும் இருந்தன. வாசிர்எக்ஸ் தரப்பில் மூவர் கையொப்பமிட்டு, இறுதியில் லிமினலும் ஒப்பினால்தான் எதுவும் வெளியே போக முடியும். அவ்வளவு இருந்தும் பணம் போனது. திரையில் காட்டிய பரிவர்த்தனை வேறு, கையொப்பமான பரிவர்த்தனை வேறு என்றது வாசிர்எக்ஸ். குறை தன் பக்கம் இல்லை என்றது லிமினல். 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா ஆகிய மூன்று நாடுகளும் கூட்டறிக்கை வெளியிட்டு, இது வடகொரியாவின் கைவரிசை என்று அறிவித்தன.

அன்றைக்கு இந்தியாவில் கிரிப்டோ பற்றிய சட்டவிதிகளுக்குப் பஞ்சமில்லை. 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு 30 விழுக்காடு வரி. அதே ஆண்டு ஜூலை முதல், குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய விற்பனைகளில் 1 விழுக்காடு டிடிஎஸ் பிடித்தம். 2023 மார்ச் 7 அறிவிக்கையால் பரிமாற்றகங்கள் சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வந்தன. நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்யவும், வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கவும், ஐயத்துக்குரிய பரிவர்த்தனைகளைத் தெரிவிக்கவும் கடமைப்பட்டன. நிதி நடவடிக்கைப் பணிக்குழு 2019இல் வகுத்த உலகத் தரத்தை ஒட்டியவையே இவை. பிறர் சொத்தைக் காத்துவைக்கும் பணியும் அந்த அறிவிக்கையில் உண்டு. ஆனால் காப்பவர்மீது அது சுமத்தியது அறிக்கை தரும் கடமையை மட்டுமே. வாடிக்கையாளர் சொத்தை நிறுவனச் சொத்தோடு கலக்கலாமா, திருடு போனால் ஈடு செய்ய வேண்டியவர் யார் என்ற கேள்விகளை அது தொடவில்லை.

இதை நுகர்வோர் நலத்தில் ஏற்பட்ட குறை என்று மட்டும் கருதுவது போதாது. நிதிக்குற்றத் தடுப்பின் மையத்திலேயே உள்ள ஓட்டை இது. கிரிப்டோ உலகின் மிகப் பெரிய குற்றங்கள் பல வாடிக்கையாளர் வழியாக வருவதில்லை. காப்பாளரின் கதவு வழியாகவே வருகின்றன. 2025 பிப்ரவரியில் பைபிட் பரிமாற்றகத்தில் சுமார் 150 கோடி டாலர் பறிபோனதும், அதுவும் வடகொரியாவின் வேலையே என்று அமெரிக்காவின் எஃப்பிஐ கூறியதும் இதையே காட்டுகின்றன. ஆதார் எண்ணையும் பான் எண்ணையும் எத்தனை முறை சரிபார்த்தாலும் இவ்வகைத் திருட்டைத் தடுக்க முடியாது.

ஜப்பான் இப்பாடத்தை முன்னமே கற்றது. 2014இல் மவுண்ட் காக்ஸ், 2018 ஜனவரியில் காயின்செக் ஆகிய பரிமாற்றகங்கள் கொள்ளை போனபின், அந்நாடு சட்டத்தைத் திருத்தியது. 2020 மே முதல் வாடிக்கையாளர் சொத்தில் குறைந்தது 95 விழுக்காட்டை இணையத்தோடு இணையாத வாலட்டில் வைத்தாக வேண்டும். எஞ்சியதற்கு ஈடாகப் பரிமாற்றகம் தன் சொந்தச் சொத்தை ஒதுக்க வேண்டும். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் பரிமாற்றகம் சரிந்தபோது உலகெங்கும் அதன் வாடிக்கையாளர்கள் திவால் நீதிமன்றத்தின் வாசலில் நிற்க, எஃப்டிஎக்ஸ் ஜப்பான் 2023 பிப்ரவரியிலேயே பணத்தைத் திருப்பித் தரத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மிகா என்ற கிரிப்டோச் சட்டமும், காப்பாளரின் பொறுப்பில் நேர்ந்த இழப்புக்கு அன்றைய சந்தை மதிப்பு வரை அவரே ஈடுசெய்ய வேண்டும் என்கிறது.

இந்தியாவில் அந்த இடத்தை நிரப்பியது நாடாளுமன்றமல்ல, சென்னை உயர் நீதிமன்றம். வாசிர்எக்ஸில் 3,532 எக்ஸ்ஆர்பி நாணயங்களை வைத்திருந்த ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். திருடப்பட்டவை ஈத்தரும் அதைச் சார்ந்த டோக்கன்களும். அவருடைய நாணயங்கள் திருடப்படவில்லை. ஆயினும் இழப்பை எல்லா வாடிக்கையாளர்மீதும் பங்கிடும் திட்டத்தால் அவருடைய கணக்கும் முடங்கியிருந்தது. 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ ஒரு சொத்தே, அதை இன்னொருவர் பொருட்டு நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கவும் முடியும் என்று கூறி இடைக்காலப் பாதுகாப்பு வழங்கினார். சரியான தீர்ப்பு. ஆனால் நீதிமன்றப் படியேற வசதியுள்ள ஒருவருக்குக் கிடைத்த நிவாரணம் லட்சக்கணக்கானோருக்கு விதியாகிவிடாது.

வரியின் பங்கையும் இங்கே ஆராய வேண்டும். டிடிஎஸ்ஸின் நோக்கங்களுள் ஒன்று பரிவர்த்தனைகளைத் தடம் பிடிப்பது. ஒரு லட்சம் ரூபாயை லாபமோ நட்டமோ இன்றி நூறு முறை வாங்கி விற்றால், 1 விழுக்காடு பிடித்தத்துக்குப் பின் கையில் மிஞ்சுவது சுமார் 36,600 ரூபாய். மீதி வரிக்கணக்கு முடியும்வரை அரசிடம். ஒரு நாணயத்தில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. அடிக்கடி வியாபாரம் செய்பவர் எங்கே போவார்? டிடிஎஸ் பிடிக்காத வெளிநாட்டுத் தளத்துக்கோ, ஆளுக்கு ஆள் விற்கும் பி2பி சந்தைக்கோதான். தடம் பிடிக்க வந்த வரியே தடத்தை அழிக்கிறது. 2023 டிசம்பரில் நிதிப் புலனாய்வுப் பிரிவு பைனான்ஸ், குகாயின் உள்ளிட்ட ஒன்பது வெளிநாட்டுத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியதும், பின்னர் பைனான்ஸுக்கு 18.82 கோடி ரூபாய் அபராதம் விதித்ததும் தேவையான நடவடிக்கைகள். ஆனால் மக்களை அங்கே தள்ளும் காரணம் அப்படியே இருக்கிறது.

பி2பியில் நடப்பதை அருகில் சென்று பார்க்கலாம். மோசடிக்கு ஆளானவர் அனுப்பும் பணம், கமிஷனுக்கு வாடகை விடப்பட்ட ஒரு வங்கிக் கணக்கில் விழுகிறது. அதை இயக்குபவர், டாலர் மதிப்போடு பிணைத்த யுஎஸ்டிடி என்ற கிரிப்டோ நாணயத்தை விற்பவர் ஒருவரைப் பிடித்து, சந்தை விலைக்கு மேல் ஓரிரு ரூபாய் கூட்டித் தருகிறார். பணம் வந்ததும் விற்பவர் நாணயத்தை விடுவிக்கிறார். அது சில நிமிடங்களில் டிரான் வலையமைப்பில் பல வாலட்டுகளைக் கடந்துவிடுகிறது. இழந்தவர் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் பதிவானதும், விற்றவரின் கணக்கு முடங்குகிறது. குற்றவாளியோ எல்லைக்கு அப்பால். தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022இல் மியான்மரின் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்டதை நாம் அறிவோம்; அவர்களை அடைத்துவைத்த மோசடி முகாம்களின் வருவாய் ஓடும் வாய்க்கால்களுள் இதுவும் ஒன்று.

ஒழுங்குபடுத்தினால் அங்கீகாரம் தந்ததாகிவிடும், தடையே மேல் என்று 2022இல் ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநர் டி. ரபி சங்கர் வாதிட்டார். நிதி நிலைத்தன்மை பற்றிய அந்த அச்சம் நேர்மையானது. ஆனால் வங்கிக் கதவை அடைக்கும் முறையை 2018 ஏப்ரல் சுற்றறிக்கையால் ரிசர்வ் வங்கி ஏற்கெனவே முயன்றது. தன் மேற்பார்வையிலுள்ள நிறுவனங்களுக்கு நேர்ந்த தீங்கைக் காட்டவில்லை என்று 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 30 விழுக்காடு வரி வாங்கிக்கொண்டே அங்கீகாரம் தரவில்லை என்று சொல்வதும் நிலைக்காது.

நாடாளுமன்றம் செய்ய வேண்டியது தெளிவு. காப்பாளருக்குத் தனி உரிமம் வேண்டும். வாடிக்கையாளர் சொத்து நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்குப் போகாதபடி சட்டப்படி பிரிக்கப்பட வேண்டும். இழப்புக்குக் காப்பாளரே முதற்பொறுப்பு என்று எழுத வேண்டும். டிடிஎஸ்ஸைத் தடம் பிடிக்கப் போதுமான சிறு விழுக்காட்டுக்குக் குறைத்து, வியாபாரத்தைப் பதிவுபெற்ற உள்நாட்டுத் தளங்களுக்குத் திருப்ப வேண்டும். யுஎஸ்டிடியை முடக்கும் வசதி அதை வெளியிடும் நிறுவனத்திடம் இருப்பதால், 1930 புகார் சில மணி நேரத்தில் அந்நிறுவனத்தை எட்டும் ஏற்பாடும் வேண்டும். இவற்றுள் காப்பாளர் சட்டமே முதலில் வர வேண்டும். அடுத்த கூட்டத்தொடரிலேயே அரசு அதற்கான மசோதாவைக் கொண்டுவர வேண்டும்.